சும்பா தீவில் நிலம் யாருடையது?

பாலித் தீவின் தென்பசாரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறந்தால் சும்பாவின் மேற்குப் பகுதியில் உள்ள தம்போலக்கா விமான நிலையம் வந்துவிடும். இதற்கு வடமேற்கே உள்ள சும்பாவா வேறொரு தீவு. பெயர் ஒத்திருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சும்பா இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தைச் சேர்ந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர், அதாவது பாலியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவின் நான்கு மாவட்டங்களிலும் சேர்த்து வாழ்பவர்கள் ஏறத்தாழ 7.8 லட்சம் பேர். பாலியின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்களைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு முதலில் தோன்றுவது, இங்கே நிலம் ஏராளம், ஆள் குறைவு, விலையும் மலிவு என்பதுதான். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓர் அமெரிக்கப் பயண இதழின் வாசகர்கள் சும்பாவின் தென்கரையில் உள்ள ஒரு விடுதியை உலகின் மிகச் சிறந்த விடுதியாகத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த எண்ணத்தோடு தீவின் கடற்கரைகளைத் தேடி வந்தவர்களின் தொகை இன்னும் கூடியது. அவர்கள் காலி நிலம் என்று எதைப் பார்க்கிறார்களோ, அது ஏற்கெனவே யார் யாருடைய பொறுப்பில் எப்படியெல்லாம் இருக்கிறது என்பதை அறியாமல் அங்கே வாழ்வதைப் பற்றியும் சொத்து வாங்குவதைப் பற்றியும் சரியாகப் பேசவே முடியாது.

இந்தோனேசியாவில் கிராமத்தைத் 'தேசா' என்கிறார்கள். நம்முடைய 'தேசம்' என்ற சொல்லும் அதுவும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை. கிராமத் தலைவரைக் குறிக்கும் 'கெபாலா தேசா'வில் உள்ள கெபாலாவும் நம் 'கபாலம்'தான். சும்பாவில் தேசா என்பது நிர்வாகம் வகுத்த அலகு. மக்கள் 'எங்கள் ஊர்' என்று சொல்வது கம்போங் எனப்படும் பழைய குடியிருப்பையே. இவற்றுள் பல, பகைக்குழுக்களின் தாக்குதலுக்கு அஞ்சிய காலத்தில் குன்றின் உச்சியில் அமைக்கப்பட்டவை. நடுவில் ஒரு திறந்த வெளி, அதில் முன்னோர்களின் பெரும் கற்கல்லறைகள், அவற்றைச் சுற்றி உயர்ந்த கூம்புக் கூரை வேய்ந்த வீடுகள் என்பது அவற்றின் பொதுவான அமைப்பு. வீடு மூன்று அடுக்குகளாக இருக்கும். தரைக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட கீழ்ப்பகுதியில் பன்றியும் கோழியும், நடுவில் மனிதர்கள், கூரையின் உச்சிப் பகுதியில் மராப்பு எனப்படும் முன்னோர் ஆவிகளும் குலத்தின் பழம்பொருட்களும். நான்கு முதன்மைத் தூண்களின் நடுவே எரியும் அடுப்பின் புகை அலாங்-அலாங் புல்லால் வேய்ந்த கூரை வழியாகவே வெளியேறுவதால், அந்தப் புல்லைப் பூச்சி அரிப்பதில்லை. ஆனால் ஒரு பொறி பட்டாலும் போதும். வைக்காபூபாக் நகரின் நடுவே உள்ள தாருங் என்ற புகழ்பெற்ற கம்போங்கில் 2017 அக்டோபரில் வீடுகள் எரிந்து சாம்பலானது அப்படித்தான். இப்போது பல ஊர்களில் புல்லுக்குப் பதிலாகத் துத்தநாகத் தகடு ஏறிவிட்டது. அது தீப்பிடிக்காது, புல் தேடி அலைய வேண்டியதுமில்லை. வெயிலில் வீட்டுக்குள் இருக்கத்தான் முடியாது.

அங்கே வாழ்க்கையைத் தீர்மானிப்பது முதலில் தண்ணீர். தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளிவருகிறது. ஊரோ மேட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் கேன்களோடு பெண்களும் பிள்ளைகளும் செங்குத்தான பாதையில் இறங்கி ஏறுவது பல ஊர்களில் அன்றாட வேலை. மழைக்காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. எஞ்சிய மாதங்களில் கிழக்குச் சும்பாவின் புல்வெளி பொன்னிறமாகக் காய்ந்து கிடக்கும். வைங்காப்பு நகரைச் சுற்றிய கிழக்குக் கரையில் ஆண்டு முழுதும் பெய்வது 1,000 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மேற்கில் மழை கூடுதல் என்பதால் அங்கே நெல், காப்பி, முந்திரி, தேங்காய் எல்லாம் உண்டு. எங்கும் பொதுவாக இருப்பது மக்காச்சோளமும் மரவள்ளியும். முந்திய ஆண்டுச் சோளம் தீர்ந்து புதிய கதிர் முற்றாத ஜனவரி, பிப்ரவரி மாதங்களை உள்ளூரில் 'பசிப் பருவம்' என்றே அழைக்கிறார்கள். விளைச்சல் பொய்த்த ஆண்டில் காட்டுக்குள் போய் 'இவி' என்ற கிழங்கைத் தோண்டி எடுப்பார்கள். அதில் நஞ்சு உண்டு. மெல்லிய வில்லைகளாகச் சீவி, பல நாட்கள் ஓடும் நீரில் ஊறவைத்து, நஞ்சு போன பிறகே சமைக்க முடியும். இந்தக் கிழங்கு கிடைக்கும் காட்டைத்தான் நில வரைபடம் எழுதுபவர் 'பயன்பாடற்ற புதர்' என்று குறித்துவிட்டுப் போகிறார்.

வறுமையைப் பற்றி ஓர் அளவு சொல்வதானால், 2023 மார்ச் மாத அரசுக் கணக்கில் இந்தோனேசியா முழுவதிலும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்தவர்கள் 9.36 விழுக்காடு, கிழக்கு நுசா தெங்காராவில் அது ஏறத்தாழ 20 விழுக்காடு, சும்பாவின் நான்கு மாவட்டங்களும் அந்த மாகாணச் சராசரியையும் தாண்டியவை. ஆனாலும் அங்குள்ள குடும்பத்தின் செல்வத்தைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது. எருமை, குதிரை, தங்கத்தாலான மமுலி அணி, கிழக்குச் சும்பாவில் அவுரியும் நுணா வேர்ச் சாயமும் ஏற்றிப் பல மாதங்கள் நெய்யப்படும் இக்கத் துணி ஆகியவையே சேமிப்பு. மணமகன் வீட்டார் பெண்வீட்டுக்குக் கொடுக்கும் 'பெலிஸ்' என்ற பரிசமும், சாவுச் சடங்கில் வெட்டப்படும் எருமைகளும் பன்றிகளும் இந்தச் சேமிப்பைக் கை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இன்று நீ கொடுத்தால் நாளை உன் வீட்டுச் சாவுக்கு நான் கொண்டுவர வேண்டும். அந்தக் கணக்கு தலைமுறை கடந்தும் தீராது. இதை வீண்செலவு என்று எளிதாக ஒதுக்கிவிடுகிறவர்கள், காப்பீடும் வங்கியும் எட்டாத ஊரில் இந்தக் கடன் வலைதான் காப்பீடாகவும் வங்கியாகவும் இருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே வலை இறுகும்போது, விற்பதற்குக் கையில் நிலம் மட்டுமே மிஞ்சுகிறது என்பதும் உண்மை.

நிலத்தின் உரிமை, கிழக்கில் கபிஹு என்றும் மேற்கில் கபிசு என்றும் வழங்கும் குலத்திடம் தொடங்குகிறது. ஓர் இடத்தில் முதலில் வந்து குடியேறியதாகக் கருதப்படும் குலமே அந்த நிலத்தின் தலைக்குலம். பின்னர் வந்த குலங்கள் அதனிடமிருந்து பெற்றுப் பயிர்செய்தவை. வீட்டு மனையும் நெடுங்காலம் பண்படுத்திய வயலும் குடும்பத்தின் கையில் இருக்கும், தந்தை வழியாக மகனுக்குப் போகும். மேய்ச்சல் வெளியும் காடும் ஊற்றும் கடற்கரையும் குலத்தின் பொதுவில் இருக்கும். எல்லைக்கு அடையாளம் ஒரு மரம், ஓர் ஓடை, ஒரு கல்வரிசை, அல்லது 'அங்கே இன்னாருடைய பாட்டனாரின் கல்லறை இருக்கிறது' என்ற சாட்சி. மராப்பு சமயத்தின் ராத்தோ எனப்படும் பூசகர்கள் சடங்குப் பாடல்களில் குலங்கள் வந்த வழியையும் தங்கிய இடங்களையும் வரிசையாகச் சொல்வார்கள். எழுத்தில்லாத நிலப் பதிவேடு என்று அதைச் சொன்னால் மிகையாகாது. பிப்ரவரி அல்லது மார்ச்சில் லம்போயா, வனோகாக்கா, கோடி போன்ற இடங்களில் நடக்கும் பசோலா என்ற குதிரையேற்ற ஈட்டிச் சடங்கு, கடற்கரையில் 'நியாலே' என்ற கடற்புழுக்கள் திரளும் நாளை ஒட்டி நிகழ்வது. புழு வரும் கரையும் குதிரை ஓடும் வெளியும் இல்லாமல் அந்தச் சடங்கு இல்லை. சுற்றுலா முதலீட்டாளர் மிகவும் விரும்பும் அலைவீசும் வெண்மணற் கரைகளும் இவைதான்.

இந்த வழக்குரிமையின் மேல் அரசின் சட்டம் வந்து அமர்ந்திருக்கிறது. ஒல்லாந்து ஆட்சி 1870-ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தையொட்டி, தனி உரிமை நிரூபிக்கப்படாத நிலமெல்லாம் அரசினுடையது என்று அறிவித்தது. விடுதலைக்குப் பின் 1960 செப்டம்பர் 24 அன்று நிறைவேறிய அடிப்படை நிலச் சட்டம் அந்த அறிவிப்பை நீக்கி, நாட்டின் நிலச் சட்டம் 'அடாட்' எனப்படும் வழக்குச் சட்டத்தையே அடிப்படையாகக் கொண்டது என்று எழுதியது. அதே மூச்சில், நாட்டு நலனுக்கு முரண்படாத வரையில் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. குலத்தின் பொது நிலம் நடைமுறையில் காப்பாற்றப்படாமல் போனதற்கு அந்தச் சில சொற்கள் போதுமானவையாக இருந்தன. வழக்குச் சமூகங்களின் காடு அரசுக் காடு ஆகாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்வதற்கு 2013 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பின் பயனைப் பெறவும், முதலில் அந்தச் சமூகத்தை மாவட்ட அரசு முறைப்படி அங்கீகரித்தாக வேண்டும். அதற்கு வரைபடமும் மனுவும் அலைச்சலும் தேவை.

1960 சட்டத்தின்படி முழு உரிமையான 'ஹக் மிலிக்' இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டவருக்கு அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ மாற்றிக்கொடுக்கும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணமும் திரும்பாது என்று அதன் 26-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளும் பினாமி முறை எத்தனை அலங்காரமாக எழுதப்பட்டாலும் இந்தப் பிரிவின் முன் நிற்காது. அப்படிப் பெயர் கொடுத்த உள்ளூர்க்காரரும், தன் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கை வாரிசுச் சொத்தாக விட்டுப் போகிறார். இந்தோனேசியரை மணந்த வெளிநாட்டவருக்கும் இதே சிக்கல் இருந்தது; திருமணத்துக்குப் பிறகும் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் செய்யலாம் என்ற 2016-ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு, அந்த இந்தோனேசியத் துணைவர் தன் நிலத்தை இழக்காமல் இருக்க வழிசெய்தது.

சட்டப்படி வெளிநாட்டவருக்குத் திறந்திருக்கும் வழிகள் சிலவே. நாட்டில் தங்க உரிய அனுமதி உள்ளவர் 'ஹக் பாக்காய்' என்ற பயன்பாட்டு உரிமையின் கீழ் வீடு வைத்துக்கொள்ளலாம். 2021-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் அரசாணைப்படி அது முதலில் 30, பின் 20, அதன்பின் 30 என அதிகபட்சம் 80 ஆண்டுகள் வரை போகக்கூடும். தொழில் தொடங்குகிறவர் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்றைப் பதிவுசெய்து கட்டட உரிமை பெறலாம். அதற்கு நிலமும் கட்டடமும் நீங்கலாக 10 பில்லியன் ரூபியாவுக்கு மேற்பட்ட முதலீட்டுத் திட்டம் தேவை, இந்திய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்குச் சற்று மேல். மூன்றாவது வழி குத்தகை. 25 அல்லது 30 ஆண்டுகளுக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துக் குத்தகைக்கு எடுப்பது பாலியிலிருந்து பரவிய வழக்கம். என் கருத்தில், ஊருக்கு இவற்றுள் குறைந்த தீங்கு செய்வது குத்தகைதான். காலம் முடிந்தால் நிலம் குலத்துக்கே திரும்பும். அந்தத் தொகையைத் தவணையாகப் பிரித்து வாங்கும் பழக்கம் வந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் மொத்தமாக வரும் பணம் ஒரு மோட்டார்சைக்கிளிலும் ஒரு பெரிய சாவுச் சடங்கிலும் கரைந்துவிட, மீதி 29 ஆண்டுகள் அந்தக் குடும்பம் நிலமும் வருமானமும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடுகள் வெளிநாட்டவருக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடக் கூடாது. 1961-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்த விதிகளின்படி, விளைநிலத்தின் உரிமையாளர் அந்த நிலம் இருக்கும் வட்டத்திலோ அதை ஒட்டிய வட்டத்திலோ வசிக்க வேண்டும். தொலைவில் இருந்துகொண்டு விளைநிலம் வைத்திருப்பதற்குப் பொதுவாகத் தடை உண்டு. ஜகார்த்தாவிலிருந்தும் பாலியிலிருந்தும் வாங்குகிறவர்கள் இந்த விதியைக் கடப்பதற்கு எத்தனை வழிகள் வைத்திருந்தாலும், விதி இன்றும் சட்டமாகவே இருக்கிறது. கடற்கரையில், உயர் ஓதக் கோட்டிலிருந்து குறைந்தது 100 மீட்டர் அளவுக்குக் கரைப் பாதுகாப்புப் பட்டையாக விட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு அதிபர் ஆணை. 'கடலைத் தொட்ட மனை' என்று தரகர் காட்டும் இடத்தில், கட்டடம் கட்டத் தகாத பகுதி எவ்வளவு என்று அவராகச் சொல்ல மாட்டார்.

ஆவணத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் பிறக்கின்றன. நில அலுவலகம் அளந்து வழங்கும் 'செர்த்திஃபிகாட்' என்ற சான்றிதழே உரிமைக்கு வலுவான சான்று. தொலைவில் உள்ள ஊர்களில் அது இல்லாத நிலமே மிகுதி. அங்கே கிராமத் தலைவரும் இரண்டு மூன்று சாட்சிகளும் கையெழுத்திட்ட உரிமை விடுப்புக் கடிதமும் நிலவரி ரசீதும்தான் கையில் இருக்கும். வரி கட்டிய ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. கடிதத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டிருப்பார். தம்பிகளும் பெரியப்பா மக்களும் பாலியிலோ மலேசியாவிலோ வேலையில் இருப்பார்கள். அவர்கள் திரும்பி வந்து, இது குலத்தின் நிலம், எங்களைக் கேட்காமல் விற்க அவருக்கு உரிமையில்லை என்று சொன்னால், வழக்குச் சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கம், 1997-ஆம் ஆண்டு நிலப் பதிவு விதிகளின்படி, நல்லெண்ணத்தில் பெற்று, நேரில் அனுபவித்து வரும் நிலத்துக்குச் சான்றிதழ் வழங்கி ஐந்து ஆண்டுகள் கழிந்த பின், எழுத்து மூலம் ஆட்சேபிக்காதவர் உரிமை கோர முடியாது. வெளியூரில் கட்டட வேலையில் இருக்கும் ஒருவருக்கு ஐந்து ஆண்டு என்பது மிகக் குறுகிய காலம்.

இது காகிதத்தோடு முடிகிற சண்டை அன்று. மேற்குச் சும்பாவின் மரோசி கடற்கரையில், பல ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வாங்கிவிட்டதாக ஒரு நிறுவனம் உரிமை கோரிய நிலத்தை 2018 ஏப்ரல் 25 அன்று காவல்துறைப் பாதுகாப்போடு அளக்க வந்தபோது, எதிர்த்து நின்ற மக்களுள் ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார். கிழக்குச் சும்பாவில் கரும்புத் தோட்டம் விரிந்தபோது மேய்ச்சல் வெளிகளும் ஊற்றுகளும் மராப்பு வழிபாட்டிடங்களும் அதன் எல்லைக்குள் அகப்பட்டதாக ஊரார் பல ஆண்டுகள் போராடினர். இவற்றைப் படிக்கும்போது எனக்கு மீண்டும் மீண்டும் படுவது ஒன்றுதான்: வாங்கியவர் பணத்தை இழந்தால் அது நட்டம், ஊற்றை இழந்த ஊருக்கு அடுத்த கோடையே இல்லை.

பெயரும் பதிவும் இல்லாததால் நேர்ந்த இழப்பு நிலத்தோடு நிற்கவில்லை. மராப்பு, அரசு ஏற்ற சமயங்களுள் ஒன்றாக இல்லாததால், அதைப் பின்பற்றியவர்களுக்கு அடையாள அட்டையில் சமயம் குறிக்க இடமில்லாமல் இருந்தது. திருமணத்தைப் பதிவுசெய்வது கடினமாக இருந்தது. பிள்ளையின் பிறப்புச் சான்றில் தந்தை பெயர் வராமல் போனதும் உண்டு. தந்தையின் பெயர் தாளில் இல்லாத பிள்ளை, தந்தை வழியில் இறங்கும் நிலத்துக்கு அலுவலகத்தில் எப்படி உரிமை கோருவது? இத்தகைய நம்பிக்கைகளையும் அடையாள அட்டையில் பதியலாம் என்று 2017 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களுள் சும்பாவின் மராப்பு மக்களும் இருந்தனர்.

இனி, ஊரின் வாழ்வு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பார்ப்போம். 2014-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் கிராமச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் நடுவண் அரசு ஒவ்வொரு தேசாவுக்கும் நேரடியாகப் பணம் அனுப்புகிறது. 2023-இல் அந்தத் தொகை 70 டிரில்லியன் ரூபியா. ஏறத்தாழ 75,000 கிராமங்களுக்குப் பகிர்ந்தால் சராசரியாக ஒரு கிராமத்துக்கு 90 கோடி ரூபியாவுக்கு மேல் வந்தது. இதைக் கொண்டு கல் பாவிய சாலை, தண்ணீர்த் தொட்டி, குழந்தைகளின் எடை பார்க்கும் மையம் போன்றவை பல ஊர்களுக்கு வந்தன. அதனாலேயே கிராமத் தலைவர் பதவி கடும் போட்டிக்குரியதாகவும் ஆகிவிட்டது. 2024 திருத்தம் அந்தப் பதவிக்காலத்தை ஆறிலிருந்து எட்டு ஆண்டுகளாக நீட்டியது. நில விற்பனைக் கடிதத்தில் கையெழுத்திடுபவரும் அவரே என்பதை மறந்துவிடக் கூடாது.

மின்சாரம் 2010-இல் தீவின் வீடுகளில் கால்பங்குக்குத்தான் எட்டியிருந்தது. சூரிய ஒளி, ஓடை நீர், காற்று ஆகியவற்றைக் கொண்டு முழுத் தீவுக்கும் மின்சாரம் தருவது என்ற திட்டம் அந்த ஆண்டிலேயே தொடங்கியது. இலக்கை முழுதாக எட்டவில்லை என்றாலும், சிறு நீர்மின் நிலையங்களும் கூரைத் தகடுகளும் எத்தனையோ வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கை அணைத்தன. மத்திய சும்பாவில் 2020-இல் 5,000 எக்டேரில் நெல்லும் சோளமும் விளைவிக்கும் அரசுத் திட்டம் தொடங்கியது. இயற்கையும் சோதித்தது. 2021 ஏப்ரலில் வீசிய செரோஜா புயல் கிழக்குச் சும்பாவின் கம்பானிரு அணையை உடைத்ததால், அதை நம்பியிருந்த வயல்கள் பாசனமின்றிக் கிடந்தன. அதே ஆண்டுகளில் வெட்டுக்கிளிக் கூட்டங்களும் பயிரை மொய்த்தன. மலேரியா இன்னும் போகவில்லை. தொடக்கப் பள்ளி பெரும்பாலும் ஊரிலேயே உண்டு; மேல்நிலைப் பள்ளிக்கு வட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். போன பிள்ளை படிப்பு முடிந்ததும் வைங்காப்புவுக்கோ பாலிக்கோ போய்விடுகிறது, ஏனெனில் ஊரில் சம்பளம் தரும் வேலை மிகக் குறைவு. விடுதிகள் தரும் வேலை தோட்டக்காரர், காவலர், அறை துப்புரவாளர் என்ற அளவில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நிலத்தை விற்றவரின் மகன் அதே நிலத்தில் வாயிற்காவலராக நிற்பது நடக்காத கதையன்று.

இத்தனைக்கும் நடுவில், அடுத்த சில ஆண்டுகளில் சும்பாவின் ஊர்களை மிகுதியாக மாற்றப் போவது, 2017 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் முறைப்படுத்திய நிலப் பதிவுத் திட்டம்தான் என்று நினைக்கிறேன். நாட்டின் 12.6 கோடி நிலத் துண்டுகளையும் பதிந்து முடிப்பது அதன் நோக்கம். ஊர் ஊராக வந்து, தெருத் தெருவாக அளக்கிறார்கள். அளப்பதற்கு முந்திய ஆயத்தச் செலவாக உரிமையாளரிடம் வாங்க அனுமதிக்கப்பட்ட தொகை, ஜாவாவிலும் பாலியிலும் 1,50,000 ரூபியா, கிழக்கு நுசா தெங்காராவில் 4,50,000 ரூபியா. ஏழை மாகாணத்தில் கட்டணம் மும்மடங்கு என்பது, தொலைவும் போக்குவரத்தும் காரணமாகச் சொல்லப்பட்டாலும், நெருடத்தான் செய்கிறது. குலத்தின் பொது நிலத்தை அந்தக் குலத்தின் பெயரிலேயே பதிய இப்போது விதிகளில் இடம் இருக்கிறது. ஆனால் அளவையாளர் வந்து நிற்கும் காலையில், எளிதான வழி, அங்கே யார் நிற்கிறாரோ அவர் பெயரை எழுதிக்கொள்வதே.

அந்தக் காலையில் எல்லைக்கல் நடும்போது பக்கத்து நிலத்துக்காரரும் உடன் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். மேய்ச்சல் வெளிக்குப் பக்கத்து நிலத்துக்காரர் யார், ஊற்றுக்கு யார், கல்லறைக்கு யார்? மனைவியின் பெயரும் சேருமா, ஊரில் இல்லாத தம்பியின் பெயரை யார் நினைவுபடுத்துவது, ராத்தோவைக் கூப்பிட்டார்களா? சும்பாவுக்கு நிலம் தேடிப் போகிற எவரும் தரகரிடம் விலை கேட்பதற்கு முன்பு, தாம் பார்க்கும் இடத்தில் இந்த அளவை நடந்துவிட்டதா, நடந்திருந்தால் அன்று யார் யார் அங்கே நின்றார்கள் என்பதை ஊராரிடமே உட்கார்ந்து கேட்க வேண்டும். வெற்றிலையும் பாக்கும் நிறைந்த கூடையை முதலில் நீட்டிவிட்டுத்தான் சும்பாவில் பேச்சையே தொடங்குவார்கள். இந்தக் கேள்விகளுக்கான விடை அந்தக் கூடையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது.